படகில் போய்ப் பவளத்திட்டு பார்க்க: முதல் தடவை ஸ்நார்கெல்லிங் செய்கிறவர்களுக்கு

ஸ்நார்கெல்லிங்கில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயில் கடித்த குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதப்பது. நீச்சலில் சூரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் முதல் தடவை போகிறவர்களில் நிறையப் பேர் பத்தே நிமிடத்தில் படகுக்குத் திரும்பி, மிச்ச நேரத்தைத் துண்டைப் போர்த்திக்கொண்டு கழிக்கிறார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் பழகாத மாஸ்க், ஆடும் படகு, கால் எட்டாத ஆழம் என்ற மூன்றையும் ஒரே காலையில் சந்திப்பதால் வரும் வினை இது. மாஸ்க்கைக் கரையிலேயே பழகிவிடலாம். படகைக் கேட்டுத் தெரிந்து தேர்ந்தெடுக்கலாம். அப்புறம் ஆழம் மட்டும்தான் பாக்கி, அது அத்தனை பயமாக இருக்காது.

1. நாளும் நேரமும்

பயணத்தின் கடைசி நாளில் படகை வைக்காதீர்கள். காற்று கூடினால் படகு போகாது. பணம் திரும்பக் கிடைத்தாலும் பார்க்க வேண்டியது போய்விடும். வந்த இரண்டாம், மூன்றாம் நாளில் வைத்தால், ரத்தானாலும் இன்னொரு நாளுக்கு மாற்ற இடமிருக்கும்.

காலையில் கிளம்பும் படகு நல்லது. கடற்கரைகளில் பொதுவாகப் பகல் ஏற ஏறக் காற்று கூடும், பிற்பகலில் தண்ணீர் கலங்கும். வானிலைச் செயலியில் மழையை விடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டருக்குள் இருந்தால் புதியவர்களுக்குச் சுகம். 28-ஐத் தாண்டினால் கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியும், அலை குழாய்க்குள் புகும். இலேசான தூறல் ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்தில் ஆற்று முகத்துவாரம் இருந்து முந்தின நாள் பெருமழை பெய்திருந்தால் தண்ணீர் மண் நிறமாகத்தான் இருக்கும்.

ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதையும், பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம், அதனால் நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டிய நாட்கள் சாந்தமானவை. நல்ல ஏற்றத்தின் உச்சிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தில் நீரோட்டம் ஏறக்குறைய நின்றிருக்கும், திட்டின் மேல் தண்ணீரும் போதுமான அளவு இருக்கும். வற்றத்தில் போனால் வயிற்றுக்கு ஒரு முழம் கீழே பவளம் வந்துவிடும். உங்களுக்கும் கீறல், அதற்கும் சேதம். ஓதம் குறைவான கடல்களில் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. படகோட்டியைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

2. படகும் பணமும்

விளம்பரத்தில் போட்ட கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் சேராமல் நிற்கக்கூடியவை: கடல் பூங்கா நுழைவுக் கட்டணம், மாஸ்க்கும் ஃபின்னும் (காலில் மாட்டும் துடுப்பு) வாடகை, வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) வாடகை, தங்குமிடத்திலிருந்து துறைமுகம் வரை வண்டி, தண்ணீருக்கடியில் படமெடுக்கும் கட்டணம், சாப்பாடு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவான படகு சில நேரம் விலையான படகைத் தாண்டிவிடும். நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக மட்டும் வாங்கும் இடங்கள் உண்டு, கையில் சில்லறை இருக்கட்டும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை:

- ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அவர் தண்ணீருக்குள் கூட வருவாரா, படகிலேயே நிற்பாரா?
- எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள்? ஒவ்வொன்றிலும் தண்ணீரில் எவ்வளவு நேரம்?
- இறங்கும் இடத்தில் ஆழம் எவ்வளவு?
- ஏற ஏணி உண்டா? நிழல், கழிப்பறை உண்டா?
- ஆக்சிஜன், ரேடியோ, முதலுதவிப் பெட்டி உண்டா? எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா?
- வானிலையால் நின்றால் முழுப் பணமும் வருமா, வேறு தேதி மட்டும் தருவார்களா?

இதில் முதல் கேள்விக்கான பதிலே பாதி தீர்ப்பு. 'எல்லோரும் பாத்துக்குவோம்' என்று பொதுவாகச் சொன்னால் வேறு படகு பாருங்கள். 'ஐந்து நிறுத்தம்' என்ற விளம்பரத்திலும் மயங்காதீர்கள். இரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் 45 நிமிடம் என்பதுதான் புதியவர்களுக்கு ஏற்றது. ஐந்து நிறுத்தம் என்றால் மாஸ்க்கை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே நாள் போய்விடும்.

விரைவுப் படகு சீக்கிரம் கொண்டு சேர்க்கும், ஆனால் அலையில் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். பெரிய படகு மெதுவாகப் போகும், ஆட்டம் குறைவு.

3. படிவங்கள்

படகேறும் முன் இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்பார்கள். ஒன்று பொறுப்பு விலக்கு, இன்னொன்று உடல்நலக் கேள்விகள். கரையில் அவசரமாக நீட்டும்போது எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுத் தள்ளுவதுதான் வழக்கமான தவறு. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்நார்கெல்லிங்கில் நேரும் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. பலவும் ஆரவாரமே இல்லாமல், முகம் தண்ணீரில் இருக்கிற நிலையிலேயே நடந்துவிடுகின்றன. பக்கத்தில் இருப்பவருக்கு அவர் மீன் பார்ப்பது போலத்தான் தெரியும். படிவத்தில் எழுதியவருக்கு மிதவைச் சட்டை கொடுத்து, ஒரு ஆளைத் தனியாகக் கண் வைக்கச் சொல்வார்கள். அது உங்கள் நன்மைக்குத்தான்.

நோய் இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் 'கடலில் மிதந்து நீந்தலாம்' என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சில படகுகள் அது இல்லாமல் இறக்கமாட்டார்கள், பணமும் திரும்பாது. பயணக் காப்பீட்டில் ஸ்நார்கெல்லிங் சேர்ந்திருக்கிறதா, படகுப் பயணமும் சேர்த்தா என்று விலக்குகள் பகுதியைப் படியுங்கள். அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும், பயணிகள் பட்டியல் எழுதக் கேட்பார்கள்.

4. மாஸ்க், குழாய், ஃபின்

வாங்குவதானால் மாஸ்க்கை மட்டும் வாங்குங்கள். மற்றவற்றை வாடகைக்கு எடுத்தாலும் சமாளிக்கலாம். மாஸ்க் பொருந்தவில்லை என்றால் அந்த நாளே பாழ்.

பொருந்துகிறதா என்று பார்க்க: வாரை முன்பக்கம் மடக்கிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும், மூச்சைப் பிடித்திருக்கும் வரை அது முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும். எங்கிருந்தோ 'சீ' என்று காற்று வந்தால் அந்த இடத்தில் தண்ணீரும் வரும். சோதிக்கும்போது வாயில் குழாயையும் கடித்துக்கொண்டு பாருங்கள். வாய் விரிந்தால் கன்னம் மாறும், நன்றாக நின்ற மாஸ்க் அப்போது ஒழுகும். ஓரம் சிலிக்கானாகவும், கண்ணாடி டெம்பர்டு கண்ணாடியாகவும் இருக்க வேண்டும்.

ஒழுகினால் எல்லோரும் செய்வது வாரை இறுக்குவது. அதுதான் பொறி. இறுக்க இறுக்க ஓரம் கோணி இன்னும் ஒழுகும், நெற்றியில் வளையம் பதிந்து தலைவலியும் வரும். வார் தலையின் பின்பக்கம், காதுக்கு மேலே, இலேசாக நின்றால் போதும். தண்ணீரின் அழுத்தமே மாஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஒழுகலுக்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் ஓரத்தில் மாட்டிய தலைமுடியோ மீசையோதான். மூக்குக்குக் கீழே மீசையில் மெல்லிய கோடு அளவுக்கு மழித்தால் தீரும். நீள முடிக்காரர்கள் ஒரு பட்டையால் நெற்றி முடியைப் பின்னுக்கு ஒதுக்கிவிட்டு மாட்டுங்கள்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு முறை. இதைச் செய்யாவிட்டால் எத்தனை எச்சில் துப்பினாலும் ஆவி படியும். தினசரிக்கு எச்சில் போதும், அல்லது தண்ணீரில் கலந்த குழந்தை ஷாம்பூ இரண்டு சொட்டு. தடவி, இலேசாக ஒரு அலசு. அழுத்திக் கழுவினால் தடவியதெல்லாம் போய்விடும்.

கிட்டப்பார்வைக்காரர்கள் மூக்குக் கண்ணாடியோடு மாஸ்க் போட முடியாது, அதன் கால்கள் ஓரத்தை விலக்கிவிடும். பவர் வைத்த மாஸ்க் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் சிறிய பவர் உள்ளவர்கள் சாதாரண மாஸ்க்கிலேயே ஓரளவு சமாளித்துவிடுவார்கள்.

குழாய் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான் இருக்கும். நீளமாக இருந்தால் ஆழத்திலும் மூச்சு விடலாமே என்று தோன்றும், முடியாது. நீங்கள் வெளியே விடும் காற்று குழாயிலேயே தங்கி மறுபடி உள்ளே வரும். அதோடு தண்ணீர் மார்பை அமுக்கும், மூச்சை இழுக்கவே முடியாமல் போகும். மேல் நுனியில் அலை புகாமல் தடுக்கும் மூடியும், அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வும் உள்ள குழாய் புதியவர்களுக்கு நல்லது.

முகம் முழுக்க மூடும் மாஸ்க் பார்க்க வசதியாகத் தெரியும், மூக்காலும் மூச்சு விடலாம். முதல் தடவைக்கு வேண்டாம். மலிவான வகைகளில் விட்ட காற்று சரியாக வெளியேறாமல் உள்ளேயே சுற்றும், தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது, மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தை விடுவிக்கவும் வழியில்லை. சில படகுகளில் இதற்கு அனுமதியே இல்லை.

ஃபின் காலை இறுக்கவும் கூடாது, கழன்று ஓடவும் கூடாது. ஈரக் காலில் போட்டுப் பாருங்கள். வெறுங்காலில் அரைத்தால் மெல்லிய காலுறை போடுங்கள்.

5. கரையில் ஒரு மணி நேரம்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பத்து நிமிடத்தில் படகேறுகிறார்கள். முந்தின நாள் நீச்சல் குளத்திலோ, அலையில்லாத இடுப்பளவு தண்ணீரிலோ பழகுங்கள்.

முதலில் நின்றபடி முகத்தை மட்டும் வைத்து ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். மூக்கு மூடியிருப்பதை மூளை ஒத்துக்கொள்ள இரண்டு நிமிடமாவது ஆகும். மூச்சு நீளமாக, மெதுவாக இருக்க வேண்டும். பதற்றத்தில் விடும் குட்டை மூச்சு குழாயில் தங்கிய பழைய காற்றையே உள்ளேயும் வெளியேயும் ஆட்டும். புதுக் காற்று வராததால் இன்னும் மூச்சு முட்டும், இன்னும் வேகமாக விடுவீர்கள். 'மூச்சே வரல' என்று கத்துகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். மருந்து: நின்று, முழுதாக வெளியே விட்டு, பிறகு இழுப்பது.

அடுத்து குழாயில் தண்ணீர் புக விட்டு, 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியேற்றுங்கள். ஊதியவுடன் முழு மூச்சு இழுக்காதீர்கள். மிச்சத் தண்ணீர் தொண்டைக்கு வராமல் மெல்ல இழுத்து, இரண்டாம் தடவை ஊதுங்கள். பிறகு மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேல் சட்டத்தை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் அடி ஓரத்தால் போகும். இந்த மூன்றும் கைவந்தால் கடலில் பதற்றம் பாதி குறையும்.

நீச்சலே தெரியாதவர்கள் மல்லாந்து மிதக்கவாவது கற்றுக்கொண்டு போங்கள். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், பயத்தை அது பார்த்துக்கொள்ளாது.

6. கிளம்பும் காலை

படகேறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எண்ணெய் இல்லாத இலேசான உணவு. வெறும் வயிற்றிலும் குமட்டும், நிறைந்த வயிற்றிலும் குமட்டும். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போடுவது மாத்திரைக்கு நஷ்டம். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஆகவே மருந்தாளரிடம் கேட்டு, வேறொரு நாள் ஒன்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். படகின் முனையில் உட்காராமல் நடுவிலோ சற்றுப் பின்னாலோ உட்காருங்கள், ஆனால் டீசல் புகை படும் இடம் வேண்டாம். கண் தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். வந்தே தீரும் என்றால் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாயுங்கள்; எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உங்களுக்கே திரும்பி வரும்.

வெயிலுக்குக் கிரீமை விட முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் கால்சட்டையும் மேல். முகம் கீழே இருக்கும்போது பொசுங்குவது பிடரி, முதுகு, முழங்காலின் பின்பக்கம், தலைவகிடு. பவளத்துக்குக் கேடு என்று, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் உள்ள கிரீம்களின் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை செய்தது; பலாவ் தீவில் 2020-இலிருந்தே இப்படித் தடை. துத்தநாக ஆக்சைடு வகை வாங்குங்கள். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே தடவி ஊறவிடுங்கள். நெற்றியில் தடவிய கிரீம் மாஸ்க்குக்குள் வழிந்தால் கண் எரியும், அங்கே மட்டும் விட்டுவிடுங்கள்.

மோதிரம், சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். மாற்றுத் துணி, காற்று புகாத ஒரு மேல்சட்டை, குடிதண்ணீர், துண்டு, கண்ணாடிக்காரர்களுக்குக் கண்ணாடிக் கூடு. மறந்தால் திரும்பும் வழியில்தான் தெரியும்: ஈரத்தோடு காற்றில் உட்கார்ந்தால் பல் கிட்டும்.

7. இறங்குவது

குழு அறிவிப்பைக் கேளுங்கள்: எல்லை எது, நீரோட்டம் எந்தப் பக்கம், திரும்ப அழைக்கும் ஒலி எது, எத்தனை மணிக்கு. 'நலம்' என்பதற்கு ஒரு கையை வளைத்துத் தலைமேல் வைப்பார்கள். உதவிக்குக் கையை உயர்த்தி ஆட்டுவார்கள். சும்மா நண்பருக்குக் கை அசைத்தால் மீட்பு வந்துவிடும், பார்த்து.

ஃபின்னை இறங்கும் இடத்தில் உட்கார்ந்து கடைசியாகத்தான் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டு நடந்தால் விழுவீர்கள், நடந்தே ஆக வேண்டுமானால் பின்பக்கமாக. எஞ்சின் நின்றதை உறுதி செய்துவிட்டு, படியில் உட்கார்ந்து, ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்தபடி சறுக்கி இறங்குங்கள். தலைகீழாகப் பாய வேண்டாம், அடியில் எவ்வளவு தண்ணீர் என்று மேலிருந்து கணக்கிட முடியாது.

இறங்கியவுடன் நீந்தக் கிளம்பாதீர்கள். பல படகுகளின் பின்னால் மிதவை கட்டிய கயிறு ஒன்று நீளமாக விட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா மிதந்து மூச்சைச் சீர் செய்யுங்கள். அந்தக் கயிறு எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் நீரோட்டம் போகிறது.

8. திட்டின் மேலே

போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகவும், திரும்பும்போது அதோடும் வாருங்கள். மாறிச் செய்தால் களைத்துப் போன நேரத்தில் எதிர்நீச்சல் போட வேண்டிவரும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் படகைப் பாருங்கள். தண்ணீரில் ஒலி காற்றை விட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக வருவதால், எஞ்சின் சத்தம் எந்தத் திசையிலிருந்து என்று காதால் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

உதைப்பது இடுப்பிலிருந்து, முழங்கால் இலேசாக மட்டும் மடங்க. சைக்கிள் மிதிப்பது போல் மிதித்தால் நகரவே மாட்டீர்கள், கால் சதை பிடித்துக்கொள்ளும். கை சும்மா கிடக்கட்டும்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், களைப்பாக இருந்தாலும் சரி. கல் போல இருந்தாலும் அது உயிர். பந்து வடிவப் பவளம் ஆண்டுக்கு ஓரிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. ஒரு ஃபின் உதை பல ஆண்டு வளர்ச்சியை ஒடித்துவிடும். களைத்தால் மல்லாந்து மிதங்கள். நிமிர்ந்து நிற்க முயன்றால் ஃபின் கீழே தட்டும், புதியவர்கள் உடைப்பது அநேகமாக இந்த நேரத்தில்தான். வயிற்றுக்குக் கீழே ஒன்றரை மீட்டர் தண்ணீராவது இல்லாத இடத்துக்குள் நுழையாதீர்கள்.

மணலும் பவளமும் சந்திக்கும் ஓரத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்து பாருங்கள். துரத்தும்போது ஓடி ஒளிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கிளிமீன் பாறையைக் கடித்துச் சுரண்டும் 'கறுக் கறுக்' சத்தம் தெளிவாகவே கேட்கும். அது விழுங்கிய சுண்ணாம்பைத்தான் பிறகு வெண்மணலாகக் கழிக்கிறது. கூர்ந்து பார்த்தால் வாலுக்குப் பின்னால் புகை போல மணல் கொட்டுவது தெரியும்.

எதையும் தொடாதவரைக்கும் ஆபத்து மிகக் குறைவு. கல்மீன் கல்லாகவே தெரியும், கூம்புச் சங்கு அழகாக இருக்கும், நெருப்புப் பவளம் மஞ்சள் பவளம் போலவே நிற்கும். மூன்றில் எதையாவது தொடுகிறவர்தான் படுவார். ஒரு விதிவிலக்கு, கூடு காக்கும் பெரிய டைட்டன் கிளாத்தி மீன். முதுகு முள்ளை நிமிர்த்தி உங்களை நோக்கி வந்தால், மேலே எழும்பாதீர்கள். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. மேலே போகப் போக அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள், ஃபின் அதன் பக்கம் இருக்கட்டும்.

மூச்சடக்கிக் கீழே முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்து மூச்சு இழுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம். அது ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை, கார்பன் டை ஆக்சைடைத்தான் குறைக்கிறது. மூச்சு வேண்டும் என்று உடல் கேட்பது அதை வைத்துத்தான். கேட்காமலே நினைவு தப்பிவிடும். ஒருவர் முங்கினால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும்.

9. எப்போது நிறுத்துவது

தண்ணீர் உடல் சூட்டைக் காற்றை விட 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். 27 டிகிரித் தண்ணீர்கூட முக்கால் மணியில் நடுங்க வைக்கும். உதடு நீலமாவதற்கு முன், முதல் நடுக்கத்திலேயே ஏறுங்கள்.

தண்ணீர் குடிக்காமலே திடீரென்று மூச்சு வாங்கினால், மார்பு இறுகினால், கைகால் சோர்ந்தால், குழாயைத் துப்பி, மல்லாந்து, கையை உயர்த்துங்கள். 'கொஞ்ச நேரத்தில் சரியாகும்' என்று நீந்திக்கொண்டிருப்பதுதான் கெடுக்கும்.

ஜெல்லி மீன், கரையோரப் பேச்சில் சொறி, பட்டால் தேய்க்கவும் நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. கடல்நீரால் அலசுங்கள், ஒட்டிய இழைகளைக் கவனமாக எடுங்கள். பெட்டி ஜெல்லி என்ற கடும் விஷ வகை உள்ள கடலானால் இழையை எடுக்கும் முன் வினிகர் ஊற்ற வேண்டும். சிங்கமீன், கல்மீன், கடல் முள்ளெலி குத்தினால், பொறுக்கும் அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணிக்குக் குறையாமல் வைத்திருங்கள்; பிறகு மருத்துவர்.

10. ஏறுவதும் அதன் பிறகும்

ஏணியில் ஏறுகிறவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள், அவர் நழுவினால் உங்கள் தலையில்தான். உங்கள் முறை வரும்போது ஏணியை ஒரு கையால் பிடித்து, ஃபின்னைக் கழற்றி மேலே கொடுங்கள். மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும், நழுவி விழுந்தாலும் கண் தெரியும். அலை படகைத் தூக்கும்போது ஏணியும் மேலே போகும். அது இறங்கி வரும் நேரத்தில் கால் வைத்தால் அடுத்த தூக்கல் உங்களையும் சேர்த்து ஏற்றிவிடும். ஏறியதும் பெயரைச் சொல்லிக் கணக்கெடுப்பார்கள். உங்கள் பெயருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், நண்பருக்காகச் சொல்லாதீர்கள்.

பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே மாட்டிய துகளை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் வாரக்கணக்கில் ஆறாமல் சீழ் பிடிக்கும். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக்குச்சி வேண்டாம். சொந்த மாஸ்க்கானால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அதன் பெட்டியிலேயே வையுங்கள். சூட்கேஸில் மற்ற சாமான்களுக்கு நடுவே அமுக்கி வைத்தால் சிலிக்கான் ஓரம் மடிந்த வாக்கிலேயே படிந்துவிடும், அடுத்த தடவை அந்த மடிப்பு வழியாகத்தான் ஒழுகும்.